வேலை நாளில் தனியாக மதியச் சாப்பாடு: சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சங்கரன்கோவிலில் இருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்த முதல் மூன்று மாதம் நான் மதியம் ஒழுங்காகச் சாப்பிடவே இல்லை. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பக்கத்தில் அலுவலகம். கீழே இறங்கினால் நாலா பக்கமும் ஹோட்டல். கையில் பணமும் இருந்தது. தனியாகப் போய் உட்காரத்தான் கூச்சம். ஊரில் வெளியே சாப்பிடுவது என்றாலே அப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒரு கூட்டத்தோடு போவதுதான். அதனால் டீக்கடையில் இரண்டு பிஸ்கட், ஒரு டீ. இல்லாவிட்டால் படிக்கட்டில் நின்றபடி ஒரு பன்.

ஒரு நாள் சாயங்காலம் சிந்தாதிரிப்பேட்டை ரயில் நிலையத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு முதலில் கேட்டது, "மதியம் என்னம்மா சாப்பிட்ட?" என்றுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறம் எட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், நிம்மதியாகச் சாப்பிடுகிறேன். வீட்டுக்கு வந்தவரை எப்படி உட்காரவைத்து, இலை போட்டு, பார்த்துப் பார்த்துப் பரிமாறுவோமோ, அந்த மரியாதையை மதியம் ஒரு வேளை நமக்கே கொடுத்துக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: நேரத்தைப் பிடித்து வையுங்கள்

மதியம் ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை அண்ணா சாலைப் பக்கம் எந்த ஹோட்டலிலும் இடம் இருக்காது. தனியாகப் போகிறவருக்கு இந்த முக்கால் மணி நேரம்தான் கஷ்டம். நாம் சாம்பார் சாதத்தில் இருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று நம் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் தொண்டையில் சோறு எங்கே இறங்கும்?

அதனால் 12:20க்குக் கிளம்புங்கள், அல்லது 1:50க்கு. ஐந்து பேராகப் போகிறவர்களுக்கு இது நடக்காது. ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை ஓய வேண்டும். தனி ஆள் நினைத்தால் எழுந்து போகலாம். நான் எப்போதும் 12:20தான். சாம்பார் அப்போதுதான் இறங்கியிருக்கும், அப்பளம் நமுத்திருக்காது, பொரியலை இரண்டாவது முறை கேட்டாலும் கிடைக்கும்.

இடைவேளை கேட்கத் தயங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் (1947) நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதாக இருந்தால் நடுவில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. துணிக்கடையில் நிற்பவருக்கும் இது பொருந்தும், கணக்கு எழுதுகிறவருக்கும் பொருந்தும். இதைச் சொல்லி மேலாளரிடம் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நம் பேச்சில் அந்தத் தெளிவு இருந்தால் போதும். "சார், சாப்பிடப் போகட்டுமா?" என்று கேட்பதற்கும், "சார், சாப்பிட்டுவிட்டு ஒன்றேகாலுக்கு வந்துவிடுகிறேன்" என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது மாதிரி இரண்டு வாரம் சொன்னால் அந்த நேரத்தில் உங்களை யாரும் தேட மாட்டார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் இந்தப் படியைத் தள்ளிப்போடவே கூடாது. வேலை முடியட்டும் என்று மூன்று மணி வரை இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் அபாயம் உண்டு.

படி 2: பத்து நிமிட நடையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்

முதல் வாரம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசையில் நடங்கள். எதுவும் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஐந்து நாளில் அந்தப் பேட்டை உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எங்கள் பக்கம் எனக்குக் கிடைத்த பெரிய வரம் திருவல்லிக்கேணி. தனியாகச் சாப்பிடுவதைச் சென்னை எங்கே கற்றது என்று கேட்டால் நான் அந்தப் பேட்டையைத்தான் காட்டுவேன். வெளியூரில் இருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்த ஆண்கள் தங்கும் மேன்ஷன்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. சின்ன அறை, கட்டில், ஜன்னல், கொடியில் ஒரு லுங்கி. சமைக்க வழி இல்லை. அவர்களை நம்பித்தான் சுற்றிலும் மெஸ்கள் வந்தன. எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் வாசலிலேயே "எத்தனை பேர் மேடம்?" என்பார்கள். இந்த மெஸ்களில் அந்தக் கேள்வியே கிடையாது. வருகிறவர் எல்லாரும் தனி ஆள். டோக்கன் வாங்கிக்கொண்டு, கூப்பிடும்போது உள்ளே போய், காலியான இடத்தில் உட்கார வேண்டியதுதான். காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கனோடு வாசலில் காத்து நிற்பவர்களைப் பார்த்தால் இது புரியும். சாதம் வேண்டாம் என்று தோன்றும் நாளுக்கு, 1948இல் தொடங்கிய ரத்னா கஃபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லி இருக்கிறது. இரண்டு இட்லிக்கே வயிறு நிறையும்.

பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேன்ஷன் மெஸ்களில் ஆண்கள்தான் அதிகம். முதல் நாள் நான் வாசலில் இருந்தே திரும்பிவிட்டேன். மறுநாள் 12:15க்குப் போனேன். கல்லாவில் இருந்த பெரியவர் "உள்ள வாம்மா, ஃபேன் ஓரமா உட்காரு" என்றார். அவ்வளவுதான். நான்காவது நாள் என் முகம் அங்கே பழகிவிட்டது. ஒரு இடத்தில் யாராவது முறைத்துப் பார்த்தால், இடித்துக்கொண்டு உட்கார்ந்தால், சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. சப்ளையரிடம் "அண்ணே, இடம் மாத்திக் குடுங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அப்படிச் சொல்லியும் மாற்றித் தராத கடைக்கு மறுபடி போக வேண்டாம்.

மாதக் கடைசிக்கு அம்மா உணவகம். 2013இல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. மதியம் 12 முதல் 3 மணி வரை சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். பார்சல் கிடையாது, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். அங்கே போவதைக் குறைவாக நினைக்கிற சிலரைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிறவரும் கல்லூரிப் பையனும் மருத்துவமனைக்கு வந்தவரும் ஒரே மேஜையில் தட்டை வைத்து, சுடச்சுடச் சாப்பிடுகிற இடம் அது. எனக்கு அங்கே தயிர் சாதம் பிடிக்கும்.

கையேந்தி பவன்களும் நல்லவைதான், கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டியாகப் பாருங்கள். சாதம் ஆவி பறக்கிறதா, தட்டு கழுவும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஒரு நிமிடம் நின்று கவனித்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரிச்சி தெருவில் மதியம் சுமை இறக்குகிறவர்கள் எந்த வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். வெயிலில் உழைக்கிறவர்கள் ஊசிப்போன குழம்பை இரண்டாம் நாள் தேடி வர மாட்டார்கள்.

படி 3: உள்ளே போங்கள்

கூச்சம் எல்லாம் வாசலில் இருந்து நாற்காலி வரைக்கும்தான். அந்த முப்பது நொடிக்கு என்ன செய்வது என்று முன்பே தெரிந்திருந்தால் கூச்சம் பாதியாகிவிடும்.

கல்லாவில் முதலில் டோக்கன் வாங்க வேண்டுமா, சாப்பிட்ட பிறகு பில்லா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். "அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?" என்பார்கள். அளவுச் சாப்பாட்டில் சாதம் ஒரு முறைதான், முழுச் சாப்பாட்டில் போதும் என்கிற வரை. அலுவலகம் திரும்ப வேண்டியவருக்கு அளவுச் சாப்பாடே தாராளம். ஏ.சி. ஹாலில் அதே சாப்பாட்டுக்கு விலை கூடுதலாக இருக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் இருந்து ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவீதம்தான். பில்லில் அதற்கு மேல் ஏதாவது சேர்ந்திருந்தால் என்ன என்று கேளுங்கள்.

அப்புறம் இடம். நான்கு பேர் மேஜையில் உங்களைத் தனியாக உட்காரவைத்தால் இன்னும் மூன்று பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அதில் சங்கடம் ஒன்றும் இல்லை. எதிரில் வந்து உட்கார்கிறவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தால் போதும், பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையைத் தவிர்த்துவிடுங்கள், நிம்மதி இருக்காது. சுவர் ஓர நாற்காலி கிடைத்தால் பையை மடிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்துக்கொள்ளலாம்.

கை கழுவப் போகும்போது இடம் பறிபோகுமே என்று தனி ஆளுக்கு எப்போதும் ஒரு பயம். அதனால் உட்காரும் முன்பே கை கழுவிவிடுங்கள். சுயசேவைக் கடையில் தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுத் தட்டு வாங்கப் போகலாம். போனையோ பர்ஸையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 4: இலையில் அவசரப்படாதீர்கள்

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. தனியாகச் சாப்பிடுகிறவர்கள் ஆறே நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். பேச ஆள் இல்லாதபோது கை தானாக வேகம் பிடிக்கிறது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று என் ஆச்சி சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்வார். தனியாக இருக்கும்போது அதை நினைவுபடுத்தவும் ஆள் இல்லை.

தலைவாழை இலைச் சாப்பாட்டிலேயே நிதானத்துக்கு வழி இருக்கிறது. நுனி இடது பக்கம் இருக்கும்படி இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்துத் துடைப்பதற்குள் மூச்சு அடங்கிவிடும். கூட்டும் பொரியலும் வந்தவுடன் சாதத்துக்குக் காத்திருக்காமல் ஒரு வாய் பொரியலைத் தனியாகச் சாப்பிடுங்கள். அன்றைக்குச் சமைத்தவர் நிதானமாகச் சமைத்தாரா என்று அந்த ஒரு வாயில் தெரியும். சாதம் வரும்போது "கொஞ்சமா வைங்கண்ணே, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரே குவியலாக வாங்கினால் பாதி ஆறிப்போகும், சாம்பாரிலேயே வயிறு நிறைந்து ரசத்துக்கு இடம் இருக்காது. சாம்பாருக்குக் கொஞ்சம், வத்தக்குழம்புக்கு அதைவிடக் குறைவாக, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம், மோருக்கு இரண்டு பிடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சப்ளையர் வருவதற்கு எடுக்கும் நேரம் நமக்கு ஓய்வு.

எங்கள் மெஸ்ஸில் ரசம் ஊற்றும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். எவர்சில்வர் வாளியை இடது கையில் மாட்டிக்கொண்டு வருவார். சாதத்தில் குழி பறித்திருக்கிறோமா என்று பார்ப்பார், பறிக்காவிட்டால் கரண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். ஊற்றி முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கரண்டியை லேசாகத் தூக்கிக் காட்டுவார். கையில் வேண்டுமா என்று அதற்கு அர்த்தம். குவித்த உள்ளங்கையில் சூடாக வாங்கி உறிஞ்சினால் மிளகு மூக்கில் ஏறும். அலுவலகத்தில் காலையில் வாங்கிய திட்டு அந்த நொடியில் எனக்கு மறந்துபோகும். இதற்காகவே நான் எத்தனையோ நாள் பத்து நிமிடம் வெயிலில் நடந்திருக்கிறேன்.

முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள். மோர் சாதம் முடிந்தவுடன் எழுந்துவிடாமல் ஒரு நிமிடம் உட்காருங்கள். பின்னால் ஆள் நின்றால் அந்த ஒரு நிமிடத்தை வெளியே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றி: அம்மாவுக்கு ஒரு வார்த்தை பேசுவது நல்லது, சாப்பிட உட்காரும் முன்பே பேசிவிடுங்கள். வீடியோ பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் என்ன சாப்பிட்டோம் என்றே தெரிவதில்லை. நான்கு மணிக்கு மறுபடி பசிக்கிற மாதிரி இருக்கும். கண்ணுக்கு ஏதாவது வேண்டும் என்றால் மெஸ்ஸையே பாருங்கள். அப்பளத்தை முதலில் நொறுக்குகிறவர்கள், கடைசி வரை பத்திரப்படுத்துகிறவர்கள் என்று மனிதர்கள் எத்தனை விதம்.

படி 5: டப்பா கொண்டுபோகும் நாட்கள்

தினமும் வெளியே சாப்பிட முடியாது. நான் போகும் மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு 100 ரூபாய். மாதம் 22 வேலை நாளுக்கு 2,200 ரூபாய். அதையே செயலியில் வரவழைத்தால் பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்ந்து எனக்கு 200 ரூபாய் வரை ஆகிவிடுகிறது, மாதத்துக்கு 4,400. அதனால் வாரத்தில் இரண்டு நாள் டப்பா.

காலை எட்டு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குத் திறக்கும் சாப்பாட்டுக்குச் சென்னை வெயில்தான் எதிரி. மே மாதக் கத்திரியில் தேங்காய் அரைத்துவிட்ட எதையும் கட்டாதீர்கள், மதியத்துக்குள் ஊசிவிடும். புளிசாதம் தாங்கும். எலுமிச்சை சாதத்துக்குச் சாறை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள், இல்லாவிட்டால் கசக்கும். எந்தச் சாதமானாலும் ஆவி அடங்கிய பிறகே மூட வேண்டும். மூடியில் கோத்த தண்ணீர் சாதத்தில் சொட்டினால் சீக்கிரம் கெட்டுப்போகும். தயிர் சாதத்துக்கு அம்மா சொல்லிக்கொடுத்த வழி: குழைந்த சாதத்தை நன்றாக மசித்து, வெதுவெதுப்பான பாலை ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கிளறிவிடுங்கள். பையில் போகும்போதே உறை ஊறி, மதியம் திறக்கும்போது புளிப்பே இல்லாமல் கெட்டித் தயிர் சாதமாக இருக்கும்.

எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஹோட்டல்களில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. வேலை செய்யும் மேஜையிலேயே சாப்பிட்டால் யாராவது ஒரு தாளை நீட்டிக்கொண்டு வருவார்கள், எச்சில் கையோடு பதில் சொல்லிக்கொண்டிருப்போம். சாப்பாட்டு அறை, மொட்டை மாடி நிழல், கூட்டம் இல்லாத கூட்ட அறை என்று எதையாவது பிடியுங்கள். நாற்காலியும் கதவும் வேறாக இருந்தாலே போதும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் மீன் குழம்பு டப்பாவைத் திறந்ததற்காக என்னைச் சாப்பாட்டு அறையில் இருந்து எழுந்து போகச் சொன்னார்கள். எழுதிவைத்த விதி ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன், இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. இன்றைக்கு நடந்தால் "எழுத்தில் விதி இருந்தால் காட்டுங்கள்" என்று கேட்பேன். அம்மா சமைத்துக் கொடுத்த சாப்பாட்டுக்காக யாரும் தலைகுனிய வேண்டாம். இந்தக் காரணத்துக்காகத்தான் நீங்கள் தனியாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால், தவறு உங்கள் டப்பாவில் இல்லை.

படி 6: "வாங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று கூப்பிட்டால்

தனியாகச் சாப்பிடப் பழகியவருக்கு ஒரு கட்டத்தில் இது வரும். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் நம் ஊர்ப் பழக்கத்துக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. "இன்னைக்கு வெளிய ஒரு வேலை இருக்குக்கா, வெள்ளிக்கிழமை சேர்ந்து சாப்பிடலாம்" என்று நாளைச் சொல்லுங்கள். சொன்ன வெள்ளிக்கிழமை கட்டாயம் போங்கள்.

யாரும் கூப்பிடாததால் தனியாக இருக்கிறீர்கள் என்றால், அந்த வலி எனக்குத் தெரியும். அலுவலகக் கும்பலுக்குள் நுழையப் பார்த்து நான் பட்ட பாட்டைவிட, எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்காவிடம் கிடைத்த ஆறுதல் பெரிது. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, இரண்டரை மணிக்கு, லிஃப்ட்டுக்குப் பின்னால் இருக்கும் படியில் அவர் டப்பாவைத் திறப்பார். ஒரு நாள் வேலை முடிய நேரமாகி நானும் அந்தப் படிக்கே போனேன். ஒன்றும் கேட்காமல் டப்பா மூடியில் கத்தரிக்காய்த் தொக்கு கொஞ்சம் எடுத்து வைத்து என் பக்கம் தள்ளினார். இப்போதும் வாரம் ஒரு நாள் அந்தப் படியில்தான் சாப்பிடுகிறோம். உங்கள் கட்டடத்திலும் உங்களைப் போலத் தனியாக டப்பா திறக்கிறவர் ஒருவராவது இருப்பார். வாசல் காவலரையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 7: மீதி நேரம்

சாப்பிட்டவுடன் ஓடித் திரும்பாதீர்கள். பத்து நிமிடம் நிழலாகப் பார்த்து மெதுவாக நடங்கள். அண்ணா சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு தேவநேயப் பாவாணர் நூலகம் இருக்கிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு வார இதழைப் புரட்டினால் பதினைந்து நிமிடம் போவதே தெரியாது. கத்திரி வெயிலில் நடையை விட்டுவிட்டு ஒரு சொம்பு நீர்மோர் குடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இந்தத் திட்டம் எதுவும் நடக்காது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், மெஸ் திறந்திருக்கிறதா என்றே தெரியாது. அந்த நாட்களுக்காக என் மேஜை இழுப்பறையில் ஒரு டப்பா அவலும் கொஞ்சம் வெல்லமும் எப்போதும் இருக்கும். அவலைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிடம் வைத்து, வெல்லத்தைத் தட்டிப் போட்டு, கீழே கடையில் கிடைத்தால் ஒரு வாழைப்பழம் நறுக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பாவை மாதம் ஒரு முறை காலி செய்து புது அவல் போடுங்கள், மழைக்காலத்தில் சீக்கிரம் வண்டு விழும்.